தோல் புதிது, விலங்கு பழையது: மைலோடான் பற்றிய குழப்பம் எங்கிருந்து வருகிறது?

தென் அமெரிக்காவின் ராட்சத தரை ஸ்லாத்களைப் பற்றித் தேடினால், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மூன்று தகவல்கள் கிடைக்கும். அவை அழிந்து 12,000 ஆண்டுகள் ஆகின்றன என்பது ஒன்று. அமேசான் காட்டுக்குள் இன்னும் ஒளிந்து திரிகின்றன என்பது இன்னொன்று. இலைதழை தின்னும் சாதுவான பிராணி என்று நினைத்தது உண்மையில் இறைச்சியும் தின்றது என்பது மூன்றாவது. 2025-இல் 'டயர் வுல்ஃப் என்ற ஓநாய் மீண்டும் பிறந்துவிட்டது' என்ற அறிவிப்பு வந்த பிறகு நான்காவதாக ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: தோலும் முடியும் கையில் இருக்கிறதே, இதையும் பிறக்கவைக்க முடியாதா?

இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விலங்கின் தோலிலிருந்து கிளம்பியவை. விலங்கின் பேரினப் பெயர் மைலோடான். தோல் கிடைத்த இடம் சிலியின் தென்கோடியில் உள்ள ஒரு குகை.

## முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம்

ஸ்லாத் என்றதும் தமிழில் பலர் 'தேவாங்கு' என்று எழுதிவிடுகிறார்கள். தேவாங்கு வேறு. அது குரங்குகளுக்குத் தூரத்து உறவு. கடவூர் மலைக்காட்டில் இரவில் பூச்சி பிடித்துத் தின்னும் சிறு பிராணி. ஸ்லாத் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. அதன் நெருங்கிய சொந்தக்காரர்கள் அங்குள்ள எறும்புண்ணி. கொஞ்சம் தள்ளி, ஓடு போர்த்திய ஆர்மடில்லோ. இந்தியாவில் ஸ்லாத் எக்காலத்திலும் இருந்ததில்லை.

குழப்பம் நமக்கு மட்டும் உரியதல்ல. நம் ஊர்த் தேன் கரடிக்கு ஆங்கிலத்தில் ஸ்லாத் கரடி என்று பெயர் வந்ததற்கும் இதே கதைதான். 1791-இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கில விலங்கியலாளர் அதன் நீண்ட நகங்களையும் பற்களையும் பார்த்துவிட்டு, அதை ஸ்லாத் வகை என்றே முடிவுகட்டி 'பிராடிபஸ் உர்சினஸ்' என்று பெயர் வைத்தார். பிராடிபஸ் என்பது மூவிரல் ஸ்லாத்தின் பேரினப் பெயர். அது கரடிதான் என்று பிறகு தெரிந்தது, ஆனால் ஒட்டிய பெயர் ஒட்டியதுதான்.

இன்று மரத்தில் தலைகீழாகத் தொங்கும் ஸ்லாத்கள் இரண்டே பேரினங்கள்: இருவிரல் வகை, மூவிரல் வகை. இரண்டும் சில கிலோ எடை. ஆனால் ஸ்லாத் குடும்பத்தின் வரலாற்றில் பெரும்பாலானவை தரையில் நடந்தவை. அவற்றை மொத்தமாகத் தரை ஸ்லாத் என்கிறோம். அவற்றில் பெரியது யானை அளவு இருந்த மெகாதீரியம். மைலோடான் அதைவிடச் சிறியது. ஏறக்குறைய 3 மீட்டர் நீளம், 1 முதல் 2 டன் எடை. சிறியது என்று சொன்னாலும் ஒரு பெரிய காட்டெருமை பக்கத்தில் நின்றால் அதுதான் இளைத்துத் தெரியும்.

## தாடையிலிருந்து ஒரு பேரினம்

1832-இல் பீகிள் கப்பல் பயணத்தின்போது அர்ஜென்டினாவின் பாயியா பிளாங்கா அருகே, புந்தா ஆல்தா என்ற கடலோர மேட்டில் சார்லஸ் டார்வின் எலும்புகளைத் தோண்டி எடுத்தார். அவற்றில் பற்களோடு கூடிய ஒரு கீழ்த்தாடை இருந்தது. லண்டனில் அதை ஆராய்ந்தவர் உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவன். மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல அவரும் பல்லிலிருந்தே தொடங்கினார். 'அரைக்கும் பல்' என்ற பொருள்படும் மைலோடான் என்ற பெயரையும் கண்டெடுத்தவர் பெயரையும் சேர்த்து 'மைலோடான் டார்வினீ' என்றார்.

ஸ்லாத்களின் பற்களில் எனாமல் கிடையாது. நம் பல்லின் வெள்ளைப் பூச்சு இல்லாமல், உள்ளிருக்கும் மென்மையான பகுதி மட்டும் தேயத் தேய வளர்ந்துகொண்டே இருக்கும். இதை இங்கேயே சொல்லக் காரணம் உண்டு. மற்ற பாலூட்டிகளில் எனாமலின் கீறல்களை வைத்து என்ன தின்றது என்று கணிப்பார்கள். ஸ்லாத்தில் அந்த வழி சரிவர உதவாது. உணவு பற்றிய சர்ச்சை இத்தனை காலம் இழுபட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

## குகையும் தோலும்

1895. சிலியின் உல்திமா எஸ்பெரான்சா பகுதி, இன்றைய புவெர்த்தோ நத்தாலெஸ் ஊருக்கு அருகில். அங்கே பண்ணை வைத்திருந்த ஜெர்மானியக் குடியேறி ஹெர்மன் எபர்ஹார்டும் உடன் சென்றவர்களும் மலையடியில் ஒரு மாபெரும் குகைக்குள் நுழைந்தார்கள். உள்ளே 200 மீட்டர் ஆழம், வாய் 80 மீட்டர் அகலம், 30 மீட்டர் உயரம். தரையிலிருந்த புழுதிக்குள் ஒரு பெரிய தோல் கிடந்தது.

அந்தத் தோலைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் பழுப்பும் மஞ்சளும் கலந்த, முரட்டுத்தனமான நீண்ட முடி. புரட்டினால் உட்பக்கத்தில் காபிக்கொட்டை அளவில் சிறு சிறு எலும்பு முடிச்சுகள், கருங்கல் பாவிய தெருவைப்போல நெருக்கமாகப் பதிந்திருக்கும். இவற்றை ஆஸ்டியோடெர்ம் என்பார்கள். தோலுக்குள்ளேயே உருவாகும் எலும்பு. முதலையின் முதுகிலும் இதே வகை உண்டு, ஆனால் அங்கே அவை வெளியே மேடாகத் தெரியும். மைலோடானில் முழுவதும் முடிக்குள் மறைந்திருக்கும்.

தோலின் விளிம்பில் தசைநார் காய்ந்து ஒட்டியிருந்தது. முடி உதிரவில்லை. எபர்ஹார்டு அதைப் பண்ணையில் தொங்கவிட்டிருந்தார். வந்தவர்கள் போனவர்கள் ஆளுக்கொரு துண்டு எடுத்துப்போனார்கள். 1896-இல் வந்த ஸ்வீடன் ஆய்வாளர் ஒட்டோ நோர்டென்ஷோல்ட் ஒரு துண்டைக் கொண்டுபோனார். 1897-இல் லா பிளாட்டா அருங்காட்சியகத்தின் பிரான்சிஸ்கோ மொரேனோ மிச்சத்தில் பெரிய துண்டை எடுத்தார். அது பிறகு லண்டன் போனது.

## 'உயிரோடிருக்கிறது' என்ற முடிவு எப்படி வந்தது?

1898-இல் அர்ஜென்டினாவின் புகழ்பெற்ற தொல்லுயிரியலாளர் புளோரெண்டினோ அமேகினோ, இது இன்றும் வாழும் விலங்கு என்று அறிவித்து 'நியோமைலோடான் லிஸ்டாய்' என்று புதுப்பெயரும் சூட்டினார். அவரை ஏதோ விவரம் புரியாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவருடைய தர்க்கம் இப்படிப் போனது:

1. தன் கைக்கு வந்த எலும்பு முடிச்சுகள் கல்லாக மாறவில்லை. புதிதாக இருக்கின்றன.
2. ரமோன் லிஸ்டா என்ற பயணி, தென் அமெரிக்காவின் தென்கோடிப் பகுதியான பட்டகோனியாவில் செதில் இல்லாத அழுங்கு போன்ற ஒரு முடி மூடிய விலங்கைச் சுட்டதாகவும் குண்டு அதை ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்லியிருந்தார்.
3. தோலுக்குள் எலும்புக் கவசம் இருந்தால் குண்டு பாயாதுதானே?
4. அங்குள்ள தெவெல்சே பழங்குடிகள் 'இயெமிஷ்' என்ற பயங்கர விலங்கைப் பற்றிப் பேசுகிறார்கள்.

நான்கும் சேர்ந்தால் படம் முழுமையாகத் தெரிகிறது. ஆனால் தனித்தனியாகத் தட்டிப் பார்த்தால் ஒவ்வொன்றும் பொத்தல். லிஸ்டா 1897-இலேயே கொல்லப்பட்டுவிட்டார். அவரைக் கேட்டுச் சரிபார்க்க வழியில்லை. இயெமிஷ் கதைகளில் வருவதோ தண்ணீரில் வாழும் வேட்டை விலங்கு; நீர்நாயோ ஜாகுவாரோ கதையாக வளர்ந்திருக்கலாமே தவிர, டன் கணக்கில் எடையுள்ள ஸ்லாத்தோடு பொருந்தாது. கடைசியில் எல்லாப் பாரமும் முதல் புள்ளியின் மேல்தான் உட்காருகிறது: புதிதாகத் தெரிகிறது, ஆகவே புதிது.

குளிரான, காய்ந்த, மழையும் வெயிலும் எட்டாத குகையில் அழுகவைக்கும் நுண்ணுயிர்களுக்கு வேலையில்லை. கருவாட்டைப் பார்த்து மீன் எந்த மாதம் வலையில் விழுந்தது என்று யாரும் சொல்ல முடியாது. தோலை நேரில் எடுத்து வந்த மொரேனோவே இது மிகப் பழையது என்றுதான் வாதிட்டார். நியூசிலாந்துக் குகைகளில் அழிந்துபோன மோவா பறவையின் தோலும் இறகும் இப்படியே கிடைக்கின்றன என்று எடுத்துக்காட்டினார். அவர் சொன்னது சரி. ஆனால் 'பழைய தோல்' என்று சொன்னால் எந்தப் பத்திரிகை விற்கும்?

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இயக்குநர் ரே லான்கெஸ்டர், அது எங்காவது உயிரோடு இருக்கும் வாய்ப்பை மறுக்க முடியாது என்று பேசினார். 1900-இல் டெய்லி எக்ஸ்பிரஸ் நாளிதழ், ஹெஸ்கெத் பிரிச்சார்ட் என்பவரை அனுப்பித் தேடவைத்தது. அவர் பட்டகோனியாவைச் சுற்றிவிட்டு ஒரு ஸ்லாத்தையும் காணாமல் திரும்பினார். காட்டைப் பார்த்தபின் அது அங்கே இருக்கிறது என்ற நம்பிக்கையும் அவருக்குப் போய்விட்டது.

அதற்குள் இன்னொரு கற்பனையும் முளைத்தது. 1899-இல் குகையைத் தோண்டியவர்கள் தடிமனான சாண அடுக்கையும் குறுக்கே கிடந்த பாறை வரிசையையும் கண்டு, மனிதர்கள் இங்கே ஸ்லாத்தைக் கொட்டில் கட்டி வளர்த்தார்கள் என்றார்கள். 'கிரைபோதீரியம் டொமஸ்டிகம்' என்று வளர்ப்பு விலங்குக்கான பெயரே வைத்தாயிற்று. பிற்கால அகழாய்வுகள் இதை ஏற்கவில்லை. கூரையிலிருந்து விழுந்த பாறையும், தலைமுறை தலைமுறையாகக் குகையில் ஒதுங்கிய விலங்குகளின் சாணமும்தான் அவை. இன்று மூன்று பெயர்களும் ஒரே விலங்கு, மைலோடான் டார்வினீ. பழைய கட்டுரைகளில் நியோமைலோடான் என்று வந்தால் வேறு விலங்கு என்று எண்ண வேண்டாம்.

அமேசானின் 'மாப்பிங்குவாரி' கதை தனி. அது பிரேசில் காட்டுமக்கள் சொல்லும் ஒரு பூதம் போன்ற உயிரி. பெலெம் நகரின் கோயெல்டி அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பறவையியலாளர் டேவிட் ஓரென், அது தரை ஸ்லாத்தின் நினைவாகவோ எச்சமாகவோ இருக்கலாம் என்று கருதி 1990-களில் தேடினார். வாய்மொழிச் சாட்சிகள் நிறையக் கிடைத்தன, விலங்கு கிடைக்கவில்லை.

## வயதை எப்படிக் கணக்கிட்டார்கள்?

உயிருள்ள ஒவ்வொன்றிலும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் மிகச் சிறிய அளவில் இருக்கும். செத்தபின் புதிதாக வரவு இல்லை, செலவு மட்டும்தான். 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை இருப்பு பாதியாகும். இதை அரையாயுள் என்கிறோம். 1940-களின் இறுதியில் வில்லார்ட் லிப்பி இந்த முறையைக் கொண்டுவந்தபோது, தொடக்கத்தில் சோதித்துப் பார்த்த பொருள்களில் மைலோடான் குகைச் சாணமும் ஒன்று. கிடைத்த விடை ஏறக்குறைய 10,800 ஆண்டுகள். அதாவது சாணத்தில் மிச்சமிருந்த கார்பன்-14 கால் பங்குக்குச் சற்று மேல்.

இங்கே ஒரு இடறல் உண்டு. செய்திகளில் சில இடத்தில் 10,000, சில இடத்தில் 12,000 என்று வருவது பிழையல்ல. காற்றில் கார்பன்-14-இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. மர வளையங்கள் போன்றவற்றோடு ஒப்பிட்டு அதைத் திருத்த வேண்டும். திருத்தாத எண் 'கதிர்க்கார்பன் ஆண்டு', திருத்தியது நாட்காட்டி ஆண்டு. இந்தக் காலகட்டத்தில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட 2,000 ஆண்டு வித்தியாசம் வரும். ஆகவே 10,800 என்பது நாட்காட்டிக் கணக்கில் 12,000-க்கும் மேல்.

லிஸ்டா சுட்டதாகச் சொன்ன விலங்கு எதுவாக இருந்தாலும் மைலோடான் இல்லை.

## யாருக்கு யார் சொந்தம்?

1996-இல் பழங்கால டி.என்.ஏ. ஆய்வாளர் ஸ்வான்டே பேபோவின் குழுவினர் மைலோடான் எச்சத்திலிருந்து டி.என்.ஏ. துணுக்குகளைப் படித்தார்கள். 2018-இல் அதன் மைட்டோகாண்ட்ரியா மரபுத்தொகுப்பு முழுமையாக வெளிவந்தது. 2019-இல் டி.என்.ஏ.வை வைத்து ஒரு குழுவும் எலும்புப் புரதத்தை வைத்து இன்னொரு குழுவும் ஸ்லாத் குடும்ப மரத்தைத் திருத்தி எழுதின. மைலோடானுக்கு நெருங்கிய உறவு இன்றைய இருவிரல் ஸ்லாத். மூவிரல் ஸ்லாத்தோ மெகாதீரியம் பக்கத்துச் சொந்தம். அப்படியானால் மரத்தில் தலைகீழாகத் தொங்கும் வாழ்க்கை ஸ்லாத்களில் இரண்டு முறை தனித்தனியாக உருவாகியிருக்கிறது. எனக்கு இந்த முழுக் கதையிலும் வியப்பான பகுதி இதுதான். இறைச்சிச் செய்திக்குக் கிடைத்த தலைப்பில் பாதிகூட இதற்குக் கிடைக்கவில்லை.

## இறைச்சி தின்றதா?

சாணத்தை நுண்ணோக்கியில் பார்த்த பழைய ஆய்வுகள் புல்லையும் கோரையையும் கண்டன. மேய்ச்சல் விலங்கு என்று முடிவானது. 2021-இல் ஹூலியா தெஹாதா தலைமையிலான குழு, அருங்காட்சியகத்தில் இருந்த மைலோடான் முடியைச் சோதித்து வேறு விடை சொன்னது. அந்தச் சோதனை இப்படி:

1. நைட்ரஜனில் இலேசான வகை, கனமான வகை இரண்டு உண்டு. செடியை ஆடு தின்று, ஆட்டைப் புலி தின்றால், ஒவ்வொரு படியிலும் உடலில் கனமான நைட்ரஜனின் பங்கு கொஞ்சம் கூடும்.
2. ஆனால் செடியின் தொடக்க அளவே மண்ணுக்கு மண் மாறும். வறண்ட நிலத்து ஆட்டின் முடி, ஈர நிலத்து ஊனுண்ணியின் முடியைப் போலக் காட்டக்கூடும். மொத்த நைட்ரஜனை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம்.
3. அதனால் முடிப் புரதத்தைத் தனித்தனி அமினோ அமிலங்களாகப் பிரித்தார்கள். ஃபீனைல்அலனின் என்பது செடியிலிருந்த அளவை ஏறக்குறைய மாற்றாமல் தாங்கி வரும். குளுட்டாமிக் அமிலம் படிக்குப் படி ஏறும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால், மண் எதுவானாலும் விலங்கு எந்தப் படியில் இருந்தது என்று தெரியும்.
4. இன்று வாழும் பல பாலூட்டிகளோடும், வட அமெரிக்காவின் நோத்ரோதீரியாப்ஸ் என்ற இன்னொரு தரை ஸ்லாத்தோடும் ஒப்பிட்டார்கள். நோத்ரோதீரியாப்ஸ் சுத்த சைவமாகத் தெரிந்தது. மைலோடான் அனைத்துண்ணிகள் பக்கம் நின்றது.

அப்படியென்றால் சாணம் பொய் சொன்னதா? இல்லை. சாணம் ஓரிரு நாள் உணவைக் காட்டும், அதுவும் செரிக்காத பகுதியை. புல்லின் நார் மிஞ்சும். கறியும் முட்டையும் தடயமில்லாமல் கரைந்துவிடும். முடியோ வளர்ந்த மாதங்களின் கணக்கைப் பதிந்துவைக்கும். இரண்டும் ஒரே விலங்கைப் பற்றிய இரு வேறு கேள்விகளுக்கான விடைகள்.

'ஊனுண்ணி ராட்சதன்' என்ற தலைப்பு இதிலிருந்து வராது. அந்தப் பற்கள் வேட்டைக்கானவை அல்ல. செத்துக் கிடந்ததைத் தின்றது, முட்டை கிடைத்தால் விடவில்லை என்ற அளவில்தான் ஊகிக்க முடியும். சோதித்ததும் கைவசம் இருந்த சொற்ப முடியைத்தான். அந்தப் பேரினம் முழுக்க, எல்லா இடத்திலும் எல்லாப் பருவத்திலும் அப்படித்தான் தின்றது என்று அதை நீட்டக் கூடாது.

## ஏன் அழிந்தது?

பட்டகோனியாவின் பெருவிலங்குகள் ஏறக்குறைய 12,300 ஆண்டுகளுக்கு முன் குறுகிய காலத்தில் மறைந்தன. இரண்டு சந்தேக நபர்கள்: தட்பவெப்பம், மனிதர்கள்.

மனிதர்கள் சிலியின் மொந்தே வெர்தேயில் சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார்கள். அதாவது வந்த உடனே எல்லாவற்றையும் கொன்று தீர்க்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பக்கத்தில் வாழ்ந்திருக்கிறார்கள். குளிர் குறைந்து வேகமாக வெப்பம் ஏறி, புல்வெளிகளைக் காடு விழுங்கியபோதுதான் சரிவு வந்தது. 2016-இல் வெளியான மரபணு ஆய்வு இரண்டும் சேர்ந்து அடித்த அடி என்றது. இந்த விளக்கம் பொருந்துகிறது. ஆனால் வெறும் தட்பவெப்பம் மட்டும் காரணம் என்று சொல்பவர்களுக்கு ஒரு இடத்தில் பதில் கிடையாது: கியூபா முதலிய கரீபியத் தீவுகள். அங்கிருந்த தரை ஸ்லாத்கள் அதே பனியுக முடிவைத் தாண்டி, இன்னும் 5,000 ஆண்டுகளுக்கு மேல் நிம்மதியாக வாழ்ந்தன. தீவுகளில் மனிதர்கள் கால்வைத்த பிறகுதான் அவை காணாமல்போயின.

## மீட்க முடியுமா?

டயர் வுல்ஃப் அறிவிப்பில் நடந்தது என்னவென்றால், சாம்பல் ஓநாயின் 14 மரபணுக்களில் 20 திருத்தங்கள் செய்தார்கள். அதைப் பழைய விலங்கு என்று அழைக்கலாமா என்பதிலேயே சண்டை ஓயவில்லை. அங்கே குறைந்தபட்சம் அளவில் ஒத்த, கருவைச் சுமக்கக்கூடிய ஒரு நாயினம் கையில் இருந்தது.

மைலோடான் விஷயத்தில் குகைத் தோலில் டி.என்.ஏ. இருக்கிறது, உண்மைதான். ஆனால் உயிருள்ள செல் இல்லை. இருப்பது நொறுங்கிய துணுக்குகள். அவற்றை அடுக்க மாதிரியாக ஒரு நெருங்கிய சொந்தம் வேண்டும். இருவிரல் ஸ்லாத் பிரிந்துபோய் 2 கோடி ஆண்டுகள் இருக்கும்; ஓநாய்க் கணக்கில் நினைக்கும் இருபது முப்பது திருத்தங்கள் இங்கே எந்த மூலைக்கும் போதாது. அப்புறம், அத்தனையையும் திருத்தி ஒரு கருவை உருவாக்கிவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும், வளர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டப் போகும் அந்தக் குட்டியைச் சுமக்கக் கிடைக்கும் ஒரே தாய், மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கும் சில கிலோ எடையே உள்ள ஒரு ஜீவன்.